சிரியஸை எடைபோடுவது எப்படி? விண்மீன்களின் ஒளி, தூரம், அடர்த்தி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தை மாதம் இரவு எட்டு மணி வாக்கில் மொட்டைமாடிக்குப் போய்க் கிழக்கே பாருங்கள். மூன்று விண்மீன்கள் ஒரே வரிசையில் நிற்கும். ஓரியன் விண்மீன் கூட்டத்தின் இடுப்புப் பட்டை அது. அந்த வரிசையைத் தென்பக்கமாக நீட்டிக்கொண்டே போனால் பளிச்சென்று மின்னும் ஒரு விண்மீனில் போய் முட்டும். அதுதான் சிரியஸ். இரவு வானத்தில் அதைவிடப் பிரகாசமான விண்மீன் வேறில்லை.

எங்கள் தெருப் பிள்ளைகளுக்குச் சில வருடங்களாக அதைக் காட்டி வருகிறேன். பேச்சு "அது எவ்வளவு தூரம்?" என்று ஆரம்பிக்கும். "அங்கே போகாமலே எடையெல்லாம் எப்படிச் சொல்கிறார்கள்?" என்பதில் வந்து நிற்கும். அப்படி வந்த கேள்விகள்தான் இவை. கணக்குகளை முடிந்தவரை சிரியஸை வைத்தே போட்டிருக்கிறேன். ஒரு கால்குலேட்டரை எடுத்துவைத்துக்கொண்டு கூடவே போட்டுப் பாருங்கள். படிப்பதைவிட அதில்தான் சுவை அதிகம்.

விண்மீனின் பிரகாசத்தை எப்படி எண்ணால் சொல்கிறார்கள்?

மேக்னிட்யூட் என்ற அளவால். வகுப்பில் ரேங்க் போடுவது மாதிரிதான்: எண் சிறியதாக இருந்தால் பிரகாசம் அதிகம். இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்பே கிரேக்கர்கள் கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களை முதல் தரம், இரண்டாம் தரம் என்று ஆறாம் தரம் வரை பிரித்து வைத்திருந்தார்கள். அது வெறும் கண் மதிப்பு.

அதைக் கணக்குக்குள் கொண்டுவந்தவர் நார்மன் போக்சன் என்ற ஆங்கிலேயர். ஐந்து மேக்னிட்யூட் வித்தியாசம் என்றால் சரியாக 100 மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம் என 1856இல் சொன்னார். அப்படியானால் ஒரு மேக்னிட்யூடுக்கு 2.512 மடங்கு. (2.512ஐ ஐந்து முறை பெருக்கிப் பாருங்கள், 100 வரும்.) இன்று உலகம் முழுக்கப் பயன்படுத்துவது இந்த அளவைத்தான். இதே போக்சன் 1861இல் சென்னைக்கு வந்து, நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்துக்குப் பொறுப்பேற்றார். 1891இல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். நம் ஊரில் அவர் பெயர் தெரிந்தவர்கள் இவ்வளவு குறைவாக இருப்பது எனக்கு வருத்தம்தான்.

சில எண்கள்: சூரியன் −26.74, முழுநிலவு ஏறக்குறைய −12.7, சிரியஸ் −1.46. நல்ல இருட்டில் வெறும் கண்ணுக்குத் தெரியும் எல்லை 6.

பிரகாசமாகத் தெரிந்தால் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தமா?

இல்லை. முகத்துக்கு நேரே பிடித்த டார்ச்சும், தூரத்து மைதானத்தின் ஃபிளட்லைட்டும் ஒரே மாதிரி கண்ணைக் கூசலாம். சிரியஸைப் பார்த்த கையோடு, இன்னும் தெற்கே, தொடுவானத்துக்குக் கொஞ்சம் மேலே பாருங்கள். அகத்தியர் விண்மீன், அதாவது கனோப்பஸ், தெரியும். அது −0.74, இரவு வானில் இரண்டாவது இடம். சிரியஸைவிடக் கொஞ்சம் மங்கல்தான். ஆனால் அது 310 ஒளியாண்டு தள்ளி நின்றுகொண்டு இந்த வெளிச்சத்தைத் தருகிறது. (ஒளி ஒரு வருடத்தில் போகும் தூரம்தான் ஒளியாண்டு.) சிரியஸ் 8.6 ஒளியாண்டில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினால் அகத்தியர் சுமார் 660 மடங்கு பிரகாசமாக இருக்கும்.

ஆகவே தூரம் தெரியாமல் பிரகாசத்தைப் பற்றிப் பேசவே முடியாது.

சரி, தூரத்தை எப்படி அளக்கிறார்கள்?

கையை நீட்டிக் கட்டைவிரலைத் தூக்கிப் பிடியுங்கள். இடக்கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு வலக்கண்ணை. பின்னால் இருக்கும் சுவரை ஒட்டி விரல் இப்படியும் அப்படியுமாகத் தாவும். விரலைக் கிட்டே கொண்டுவந்தால் தாவல் கூடும், தள்ளினால் குறையும். இதற்கு இடமாறு தோற்றம் என்று பெயர்.

விண்மீனுக்கு இரண்டு கண்ணின் இடைவெளி போதாது. அதனால் தை மாதத்தில் ஒரு படம், பூமி சூரியனுக்கு மறுபக்கம் போன பிறகு ஆறு மாதம் கழித்து ஒரு படம். இரண்டு "கண்"களுக்கும் இடையே 30 கோடி கிலோமீட்டர். வெகுதூரத்தில் அசையாமல் நிற்கும் விண்மீன்களுக்கு எதிரே, பக்கத்து விண்மீன் துளி நகர்ந்திருக்கும். அந்த மொத்த நகர்வில் பாதியைத்தான் இடமாறு கோணம் என்கிறோம். பாதி என்பதை மறந்துவிட்டுத் தூரத்தைத் தப்பாகப் போடுபவர்கள் நிறையப் பேர்.

கோணத்தை விகலையில் எழுதுங்கள். ஒரு பாகையில் 3,600 விகலை. அப்புறம் கணக்கு ஒரே வரி:

தூரம் (பார்செக்கில்) = 1 ÷ கோணம் (விகலையில்)

சிரியஸின் கோணத்தை ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோள் 0.379 விகலை என்று அளந்தது. 1 ÷ 0.379 = 2.64 பார்செக். ஒரு பார்செக் 3.26 ஒளியாண்டு. ஆக 8.6 ஒளியாண்டு, கிலோமீட்டரில் சுமார் 81 லட்சம் கோடி.

0.379 விகலை எவ்வளவு சின்னது என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். ஒரு ரூபாய் நாணயத்தை 12 கிலோமீட்டர் தள்ளி, பக்கத்து ஊரில் ஒருவர் தூக்கிப் பிடித்தால், இந்தப் பக்கத்து விளிம்புக்கும் அந்தப் பக்கத்து விளிம்புக்கும் நடுவே உள்ள கோணம் அது. வெகு அருகிலுள்ள விண்மீன்களில் ஒன்றுக்கே இந்த நிலை. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று கோப்பர்னிக்கஸ் புத்தகம் போட்டது 1543இல். அதற்கு நேரடிச் சாட்சியான இந்த நகர்வைப் பிடித்து, அன்னம் கூட்டத்தின் 61ஆம் எண் விண்மீனின் தூரத்தை ஜெர்மானிய வானியலாளர் பெஸ்ஸல் வெளியிட்டது 1838இல். கிட்டத்தட்ட முந்நூறு வருடக் காத்திருப்பு. அவர் சொன்ன கோணம் 0.31 விகலை, இன்றைய அளவு 0.286. கண்ணால் குழாய் வழியே பார்த்து அளந்த மனிதருக்கு இது எவ்வளவு நெருக்கம்!

பார்செக், ஒளியாண்டு, எதைப் பயன்படுத்துவது?

கணக்குப் போடும்போது பார்செக், பிள்ளைகளுக்குச் சொல்லும்போது ஒளியாண்டு. ஒளியாண்டு தூரத்தின் அளவு, காலத்தின் அளவு இல்லை.

சிரியஸ் உண்மையில் சூரியனைப்போல எத்தனை மடங்கு ஒளிவிடுகிறது?

முதலில் மடக்கை இல்லாமல் போட்டுப் பார்ப்போம்.

சூரியனுக்கும் சிரியஸுக்கும் மேக்னிட்யூட் வித்தியாசம் 26.74 − 1.46 = 25.28. இதை மடங்காக மாற்றினால் (2.512ஐ 25.28ஆம் அடுக்குக்கு உயர்த்தினால்) ஏறக்குறைய 1,300 கோடி வரும். அதாவது நம் கண்ணுக்குச் சூரியன் சிரியஸைவிட 1,300 கோடி மடங்கு பிரகாசம்.

ஆனால் சிரியஸ் சூரியனைவிட 5.44 லட்சம் மடங்கு தூரத்தில் இருக்கிறது. (ஒரு பார்செக் என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல 2,06,265 மடங்கு. அதை 2.64ஆல் பெருக்குங்கள்.) ஒளி தூரத்தின் வர்க்கத்தில் குறையும்: இரண்டு மடங்கு தள்ளிப்போனால் நான்கில் ஒன்று, மூன்று மடங்கு போனால் ஒன்பதில் ஒன்று. 5.44 லட்சத்தின் வர்க்கம் சுமார் 29,600 கோடி.

29,600 ÷ 1,300 = ஏறக்குறைய 23. சிரியஸ் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 23 சூரியன்களுக்குச் சமம். கண்ணுக்குத் தெரியாத புறஊதாவையும் சேர்த்தால் 25.

புத்தகங்களில் இதையே வேறு மாதிரி எழுதுவார்கள். எல்லா விண்மீனையும் 10 பார்செக் தூரத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன மேக்னிட்யூட் இருக்கும் என்று பார்ப்பது:

தனி மேக்னிட்யூட் = தோற்ற மேக்னிட்யூட் − 5 × மடக்கை (தூரம் ÷ 10)

சிரியஸுக்கு −1.46 − 5 × (−0.578) = +1.43. சூரியனுக்கு +4.83. வித்தியாசம் 3.4, மடங்காக்கினால் அதே 23. இரண்டு வழியும் ஒரே இடத்தில் வந்து சேர்வதைக் கால்குலேட்டரில் பார்க்கும்போது பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

வெப்பநிலை எதற்குத் தேவை? அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

விண்மீனின் பருமனைத் தெரிந்துகொள்ள. கொல்லன் பட்டறையில் இரும்பு முதலில் சிவக்கும், பிறகு மஞ்சளாகும், இன்னும் சூடேறினால் வெளுக்கும். விண்மீனும் அப்படித்தான். எந்த அலைநீளத்தில் ஒளி அதிகம் வருகிறதோ அதை மைக்ரோமீட்டரில் எழுதி, 2,898ஐ அதனால் வகுத்தால் வெப்பநிலை கெல்வினில் கிடைக்கும். சூரியனுக்கு 0.5 மைக்ரோமீட்டர், ஆகவே ஏறக்குறைய 5,800.

சிரியஸின் உச்சம் புறஊதாவில் விழுகிறது. அதை நம் காற்று மண்டலம் விடாது. அங்கே நிறமாலையில், அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் கிடைக்கும் பட்டையில், தெரியும் கருங்கோடுகள் கைகொடுக்கும். எந்தத் தனிமத்தின் கோடு எவ்வளவு அழுத்தமாக இருக்கிறது என்பதிலிருந்து வெப்பநிலையைப் படிக்கலாம் என்ற வழியை 1920இல் திறந்துவிட்டவர் இந்திய இயற்பியலாளர் மேக்நாத் சாஹா. சிரியஸின் மேற்பரப்பு சுமார் 9,940 கெல்வின்.

தொலைநோக்கியில் புள்ளியாகத் தெரியும் விண்மீனின் ஆரத்தை எப்படிச் சொல்கிறார்கள்?

ஒரு விண்மீன் கொட்டும் மொத்த ஒளி இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: மேற்பரப்பு எவ்வளவு பெரியது, எவ்வளவு சூடு. சூட்டின் பங்கு பலமானது, நான்காம் அடுக்கு. எல்லாவற்றையும் சூரியனோடு ஒப்பிட்டு எழுதினால்:

ஒளி = ஆரத்தின் வர்க்கம் × வெப்பநிலையின் நான்காம் அடுக்கு

சிரியஸ் சூரியனைவிட 1.72 மடங்கு சூடு. நான்காம் அடுக்கு 8.8. மொத்த ஒளி 25. எனவே ஆரத்தின் வர்க்கம் 25 ÷ 8.8 = 2.84, ஆரம் 1.69 சூரியன்.

இது கணக்குதானே, நம்பலாமா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும். இரண்டு மூன்று தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றாகச் சேர்த்து விண்மீனின் கோண விட்டத்தை நேராகவே அளக்க முடியும். சிரியஸுக்கு அது 0.006 விகலை. அதை 8.6 ஒளியாண்டோடு பெருக்கினால் 1.71 சூரிய ஆரம். வெப்பநிலை வழியாக வந்தது 1.69, நேரில் அளந்தது 1.71!

தராசு இல்லாமல் எடை எப்படி?

எடை என்று பேச்சில் சொல்கிறோம், சரியான சொல் நிறை. தராசு உண்டு, ஈர்ப்புதான் அந்தத் தராசு. ஒன்றை இன்னொன்று சுற்றினால் எடைபோட்டுவிடலாம்.

சிரியஸ் வானத்தில் நேர்கோட்டில் நகராமல் நெளிந்து நெளிந்து போவதை பெஸ்ஸல் கவனித்தார். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அதைப் பிடித்து இழுக்கிறது என்று 1844இல் அறிவித்தார். பதினெட்டு வருடங்கள் கழித்து, 1862 ஜனவரி 31 அன்று, அமெரிக்காவில் ஆல்வன் கிரஹாம் கிளார்க் புதிதாகச் செய்த 18½ அங்குல லென்ஸைச் சோதிக்க சிரியஸைப் பார்த்தார். பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி. இழுத்துக்கொண்டிருந்த ஆள் அதுதான். இன்று பெரியதைச் சிரியஸ் ஏ, சின்னதைச் சிரியஸ் பி என்கிறோம்.

இரண்டும் ஒன்றையொன்று 50.1 வருடத்துக்கு ஒருமுறை சுற்றுகின்றன. சாய்வைத் திருத்திய பிறகு பாதையின் அரை நெட்டச்சு (நீள்வட்டத்தின் நீளத்தில் பாதி) 7.5 விகலை. விகலையைப் பார்செக்கால் பெருக்கினால் வானியல் அலகு, அதாவது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல எத்தனை மடங்கு என்பது, கிடைக்கும்: 7.5 × 2.64 = 19.8. சூரியனிலிருந்து யுரேனஸ் இருக்கும் தூரம் மாதிரி. இப்போது கெப்ளரின் விதி (கனம் என்றால் இங்கே மூன்றாம் அடுக்கு):

மொத்த நிறை = (19.8இன் கனம்) ÷ (50.1இன் வர்க்கம்) = 7,762 ÷ 2,510 = 3.09 சூரியன்

இதை இருவருக்கும் பிரிக்க வேண்டும். தெருவில் ஏற்றம் இறக்கம் ஆடும் பலகையில் கனமான பிள்ளை நடுவுக்குக் கிட்டே உட்காரும் அல்லவா? பொது மையத்திலிருந்து பி இருக்கும் தூரத்தில் பாதியில்தான் ஏ ஆடுகிறது. ஆகவே ஏவின் நிறை பியைப்போல இரண்டு மடங்கு: ஏ 2.06, பி 1.02.

தனியாக இருக்கும் விண்மீனுக்கு?

நேரடி வழி இல்லை. இரட்டை விண்மீன்களில் கற்றதை வைத்து, இவ்வளவு ஒளி என்றால் இவ்வளவு நிறை இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். சூரியனைப்போல நடுவயதில் எரிந்துகொண்டிருக்கும் விண்மீன்களுக்கு மட்டுமே அது ஓரளவு பொருந்தும்.

அடர்த்திக் கணக்கைப் போட்டுக் காட்டுங்களேன்.

நிறையை ஆரத்தின் கனத்தால் வகுத்து, சூரியனின் சராசரி அடர்த்தியால் பெருக்க வேண்டும். சூரியனுடையது கன சென்டிமீட்டருக்கு 1.41 கிராம், தண்ணீரைவிடக் கொஞ்சம் அதிகம்.

சிரியஸ் ஏ: 1.7இன் கனம் 4.9. 2.06 ÷ 4.9 = 0.42. அதை 1.41ஆல் பெருக்கினால் 0.59 கிராம். தண்ணீரைவிட லேசு! இத்தனை வெளிச்சம் கொட்டும் அந்த விண்மீன் சராசரியில் ஒரு மரக்கட்டையின் அடர்த்தியில்தான் இருக்கிறது.

இனி பி. அதன் மொத்த ஒளி சூரியனில் சுமார் 40இல் ஒரு பங்கு, 0.025. இவ்வளவு மங்கல் என்றால் குளிர்ந்து சிவந்து கிடக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 1915இல் வால்டர் ஆடம்ஸ் என்ற அமெரிக்க வானியலாளர் அதன் நிறமாலையை எடுத்தபோது அது வெள்ளை வெளேரென்று இருந்தது. இன்றைய அளவில் 25,000 கெல்வின், சூரியனைப்போல 4.33 மடங்கு. நான்காம் அடுக்கு 352. ஆரத்தின் வர்க்கம் 0.025 ÷ 352 = 0.000071. ஆரம் 0.0084 சூரியன், அதாவது ஏறக்குறைய 5,850 கிலோமீட்டர். பூமியின் ஆரம் 6,371.

சூரியன் அளவு நிறையைப் பூமியைவிடச் சின்ன உருண்டைக்குள் அடைத்து வைத்திருக்கிறது! 1.02ஐ 0.0084இன் கனத்தால் வகுத்து 1.41ஆல் பெருக்குங்கள். கன சென்டிமீட்டருக்குச் சுமார் 24 லட்சம் கிராம். ஊறவைத்த கொண்டைக்கடலை ஒன்றின் அளவுக்கு அதிலிருந்து கிள்ளி எடுத்தால் 2,400 கிலோ. 25 கிலோ அரிசிச் சிப்பம் தொண்ணூற்றாறை அடுக்கி வையுங்கள், அந்த எடை ஒரு கடலைக்குள். இப்படிப்பட்டவற்றை வெள்ளைக் குள்ளன் என்கிறோம்.

அவ்வளவு நசுங்கியது மேலும் ஏன் நசுங்கவில்லை?

எரிபொருள் தீர்ந்த விண்மீனின் மிச்சம் அது. உள்ளே எலக்ட்ரான்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. ஒரே நிலையில் இரண்டு எலக்ட்ரான் இருக்க முடியாது என்ற குவாண்டம் விதி அவற்றை மேலும் நெருங்க விடாது. அந்தத் தள்ளுதல்தான் தாங்குகிறது.

ஆனால் அதற்கும் எல்லை உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930இல், 19 வயதில், மேல்படிப்புக்கு இங்கிலாந்து போகும் கப்பலில் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட ஆரம்பித்தார். சுமார் 1.4 சூரிய நிறைக்கு மேல் போனால் எலக்ட்ரான்களால் தாங்க முடியாது, அது இடிந்து உள்ளே விழும் என்பது முடிவு. அப்போது பெரிய பெரிய ஆட்களே அதை ஏற்கவில்லை. 1983இல் நோபல் பரிசு வந்தது. சிரியஸ் பி 1.02இல் இருப்பதால் பத்திரமாக இருக்கிறது.

கடலையில் 2,400 கிலோ என்பதைச் சரிபார்க்க வழி உண்டா?

உண்டு. இறுக்கமான ஈர்ப்பிலிருந்து வெளியேறும் ஒளி கொஞ்சம் சக்தியை இழந்து சிவப்புப் பக்கம் நகரும் என்று ஐன்ஸ்டீனின் கோட்பாடு சொல்கிறது. நமது நிறையையும் ஆரத்தையும் போட்டால் விநாடிக்கு 77 கிலோமீட்டர் வேகத்துக்கு ஈடான நகர்வு வர வேண்டும். ஹபிள் தொலைநோக்கி அளந்தது ஏறக்குறைய 80.

இதில் மறக்கக்கூடாத ஒரு செய்தி உண்டு. 1925இல் இதே ஆடம்ஸ் அளந்தபோது 20 சொச்சம் என்று வந்தது. அன்றைய கணக்கும் அவ்வளவுதான் என்றது, பொருந்திவிட்டது என்று கொண்டாடினார்கள். இரண்டுமே தப்பு. சிரியஸ் ஏவின் வெளிச்சம் பியின் நிறமாலைக்குள் சிந்தியிருந்தது. 9,000 மடங்கு பிரகாசமான விண்மீன் பக்கத்திலேயே இருக்கும்போது அளப்பது அவ்வளவு கஷ்டம்.

தூரத்தில் பிழை இருந்தால் எல்லாமே தப்பாகிவிடுமா?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. தூரத்தை 10 சதவீதம் கூடுதலாக எடுத்துவிட்டோம் என்று வையுங்கள். ஒளி 21 சதவீதம் கூடும், ஏனென்றால் அது வர்க்கம். ஆரம் 10 சதவீதம் கூடும். இரட்டை விண்மீனின் நிறை 33 சதவீதம் கூடும், அது கனம்.

ஆனால் அடர்த்தி மாறாது. நிறை தூரத்தின் கனத்தில் ஏறுகிறது, ஆரத்தின் கனமும் அதே அளவு ஏறுகிறது. மேலே ஒன்று, கீழே ஒன்று, அடித்துவிடலாம். எத்தனை விகலைப் பாதையில் எத்தனை வருடத்தில் சுற்றுகிறது, விண்மீன் எத்தனை விகலை அகலம், இவை தெரிந்தால் அடர்த்தி வந்துவிடும். எவ்வளவு தள்ளி இருக்கிறது என்றே தெரியாத ஒரு பொருள் தண்ணீரைவிட லேசா கனமா என்று சொல்லிவிடலாம்! முதன்முதலில் காகிதத்தில் இதை அடித்துப் பார்த்தபோது நம்ப முடியாமல் மறுபடி போட்டேன்.

இடமாறு தோற்றம் எட்டாத தூரங்களுக்கு என்ன செய்கிறார்கள்?

2013இல் ஏவிய கையா விண்கலம் 140 கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடமாறு கோணத்தைத் தந்திருக்கிறது. அதற்கும் அப்பால், உண்மையான ஒளி முன்கூட்டியே தெரிந்த விண்மீன்களைத் தேடுவார்கள். செஃபீட் வகை விண்மீன்கள் சில நாள் முதல் சில வாரம் வரையான காலத்தில் ஏறி இறங்கும். அந்தக் காலம் நீண்டால் ஒளியும் அதிகம் என்று ஹென்ரியேட்டா லெவிட் 1912இல் காட்டினார். நாளை எண்ணினால் உண்மை ஒளி தெரியும். கண்ணுக்குத் தெரியும் ஒளியோடு ஒப்பிட்டால் தூரம். நடுவில் தூசி இருந்தால் விண்மீன் மங்கி, இருப்பதைவிடத் தள்ளி இருப்பதாகக் காட்டும். அதைத் திருத்தியாக வேண்டும். சிரியஸுக்கு அந்தத் தொல்லை இல்லை.

திருவாதிரையின் தூரத்தை ஏன் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள்?

திருவாதிரை என்பது ஓரியனில் உள்ள பெட்டல்ஜியூஸ். அதற்கு 430 ஒளியாண்டு முதல் 720 வரை பார்க்கலாம். யாரும் சோம்பேறித்தனமாக அளக்கவில்லை. திருவாதிரையின் இடமாறு கோணம் 0.006 விகலை அளவுதான். ஆனால் அதன் முகமே 0.04 விகலைக்கும் அதிக அகலம், அதுவும் கொதித்துக் கொப்பளித்து, ஒளியின் மையம் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. உருவமே நகர்வைவிடப் பல மடங்கு பெரிது, எந்தப் புள்ளியைப் பிடித்து அளப்பது? அதன் சராசரி அடர்த்தி நம் காற்றில் பல ஆயிரத்தில் ஒரு பங்குதான். பியின் கடலையை நினைத்துக்கொண்டு இதைப் பார்த்தால் இரண்டுக்கும் "விண்மீன்" என்று ஒரே பெயர் வைத்திருப்பது ஆச்சரியமாக இருக்கும்.

கருவி எதுவும் இல்லாமல் நான் எதையாவது அளக்க முடியுமா?

முடியும், திருவாதிரையிலிருந்தே ஆரம்பியுங்கள். ஓரியனின் பட்டைக்கு வடக்கே சிவப்பாக இருப்பது அது. அதைவிடப் பிரகாசமான ஒன்றும் மங்கலான ஒன்றும் தேடி, நடுவில் எங்கே நிற்கிறது என்று கண்ணால் மதிப்பிடுங்கள். ரோகிணி 0.86, புரோசியான் 0.34, பெல்லாட்ரிக்ஸ் 1.64. ரோகிணிக்கும் புரோசியானுக்கும் சரிபாதியில் இருந்தால் 0.6. வழக்கமாக அந்தப் பக்கம்தான் இருக்கும். 2020 பிப்ரவரியில் அது மங்கி மங்கி 1.6 வரை, பெல்லாட்ரிக்ஸ் அளவுக்கு இறங்கியது. வெறும் கண்ணாலேயே தெரிந்தது.

தாழ்வாக இருக்கும் விண்மீனைக் காற்று மங்கலாக்கும், அதனால் எல்லாம் ஒரே உயரத்துக்கு வரும் நேரமாகப் பாருங்கள். சிவப்பு விண்மீனை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் பிரகாசம் கூடின மாதிரி தோன்றும், ஆகவே ஒரு பார்வை, உடனே அடுத்தது. தேதி, மணி, உங்கள் எண், மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். எங்கள் மாடியில் ஒரு ஆறாம் வகுப்புப் பெண் வாரம் ஒருமுறை எழுதி வருகிறாள். அவள் நோட்டில் போன மாசியில் 0.5, பங்குனியில் 0.6 என்று இருக்கிறது.